பொருளுக்கும் ஒரு கடப்பிதழ்

மின்சாரப் பொருள் கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கச் செல்லும் குடும்பத்தினர் முதலில் விலையைப் பார்க்கின்றனர். அடுத்து, கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எண்ணுகின்றனர். ஐந்து நட்சத்திரம் என்றால் மின்கட்டணம் குறையும் என்பது மலேசியாவில் இன்று பலரும் அறிந்த செய்தி. ஆனால், அந்த ஒட்டுத்தாள் சொல்லாத செய்திகள் நான்கு உண்டு. இந்தப் பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும்? பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்குமா? உள்ளே என்னென்ன பொருள்கள் சேர்ந்திருக்கின்றன? வீசி எறிந்த பிறகு அது எங்கே போய்ச் சேரும்?

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலைத் தயாரிப்பாளரே எழுதித் தரவேண்டும், அந்தப் பதில் பொருளோடு கூடவே பயணம் செய்யவேண்டும் என்ற நோக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியிருக்கிறது. மனிதன் நாடு விட்டு நாடு செல்லக் கடப்பிதழ் தேவைப்படுவது போல, பொருளுக்கும் ஒரு கடப்பிதழ் என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். எங்கோ இருக்கும் 27 நாடுகளின் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ரப்பரையும் தளவாடப் பொருளையும் மின்னியல் பொருளையும் ஏற்றுமதி செய்து வருமானம் தேடும் நாட்டில் அப்படிக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது.

தவறு குப்பைத்தொட்டியில் தொடங்குவதில்லை

சுற்றுச்சூழல் என்றதும் நம் நினைவுக்கு வருவது மறுசுழற்சித் தொட்டி. நீலத் தொட்டியில் காகிதம், ஆரஞ்சுத் தொட்டியில் பிளாஸ்டிக்கும் உலோகமும், பழுப்புத் தொட்டியில் கண்ணாடி என்று பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், ஒரு பொருள் தொட்டிக்கு வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

கைத்தொலைபேசியின் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவதா, திருகாணி வைத்து மூடுவதா என்பதை முடிவு செய்பவர் வடிவமைப்பாளர். பசை போட்டு ஒட்டினால், பேட்டரி தளர்ந்துபோன அன்றே கைத்தொலைபேசியின் ஆயுளும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பருத்தி நூலோடு பாலியெஸ்டர் நூலைக் கலந்து நெய்த சட்டையை மறுபடி நூலாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சலவை இயந்திரத்தின் உருளைக்குள் இருக்கும் ஒரு சிறு பாகத்தைத் தனியே கழற்ற முடியாதபடி பொருத்திவிட்டால், அந்தச் சிறு பாகத்துக்காக முழு உருளையையும் மாற்றவேண்டி வரும். இவை எல்லாம் வரைபடம் போடும் மேசையிலேயே முடிவாகிவிடும் காரியங்கள். ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்தும் பாதிப்பில் 80 விழுக்காடு வரை வடிவமைப்புக் கட்டத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் கூறுகிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பயிருக்கு மட்டும் சொன்ன மொழியல்ல.

ஒரு வாட்டில் தொடங்கிய விதி

ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பாதையில் இறங்கியது 2005-ஆம் ஆண்டில். அன்று வந்த வடிவமைப்புச் சட்டம் மின்சாரத்தை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. தொலைக்காட்சியை நிறுத்திய பிறகும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் அல்லவா? யாரும் பார்க்காத நேரத்திலும் அது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. 2010-இல் அதற்கு வரம்பு வந்தது. காத்திருப்பு நிலையில் இருக்கும் வீட்டுச் சாதனம் 1 வாட்டுக்கு மேல் உறிஞ்சக் கூடாது. நேரம் போன்ற தகவலைக் காட்டிக்கொண்டிருந்தால் 2 வாட் வரை போகலாம். 2013-இல் இந்த அளவுகள் பாதியாகக் குறைக்கப்பட்டன.

அடுத்து, தூசு உறிஞ்சும் இயந்திரம். வாட் அதிகமானால் சக்தி அதிகம் என்று நம்பி மக்கள் வாங்க, நிறுவனங்களும் வாட்டை ஏற்றிக்கொண்டே போயின. 2014 செப்டம்பரில் 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. குறைந்த மின்சாரத்திலேயே நன்றாகத் தூசு எடுக்கும் இயந்திரங்களைச் செய்யவேண்டிய நிலை தயாரிப்பாளர்களுக்கு ஏற்பட்டது. வேண்டுகோள் விடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே. வரம்பை மீறிய பொருளைச் சந்தையில் இறக்கவே முடியாது என்ற நிலைதான் மாற்றத்தைக் கொண்டு வந்தது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் இயந்திரம் மூன்றாண்டில் பழுதாகிக் குப்பைக்குப் போனால் மிச்சம் எங்கே? ஆகவே, 2021 மார்ச் முதல் பழுதுபார்க்கும் வசதியும் விதிக்குள் வந்தது. சலவை இயந்திரத்துக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் முக்கிய உதிரிப்பாகங்கள் 10 ஆண்டு வரை கிடைக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு 7 ஆண்டு. கேட்டவருக்கு 15 வேலை நாள்களுக்குள் பாகம் போய்ச் சேரவேண்டும்.

2025 ஜூன் 20 முதல் கைத்தொலைபேசியும் இந்த வரிசையில் சேர்ந்தது. ஐரோப்பியச் சந்தைக்கு வரும் புதிய கைத்தொலைபேசியின் பேட்டரி, 800 முறை முழுமையாக மின்னேற்றி இறக்கிய பிறகும், தன் கொள்ளளவில் குறைந்தது 80 விழுக்காட்டைத் தக்கவைத்திருக்கவேண்டும். அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுக்கு உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும். எளிதாகப் பழுதுபார்க்க முடியுமா என்பதற்கு ஏ முதல் இ வரை தரம் பிரித்து, அதையும் ஒட்டுத்தாளிலேயே அச்சிடவேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரு சட்டம்

இருபதாண்டு அனுபவத்தின் மேல் எழுந்ததுதான் 2024 ஜூலை 18-இல் நடப்புக்கு வந்த புதிய சட்டம். நிலைத்தன்மைமிக்க பொருள்களுக்கான வடிவமைப்பு ஒழுங்குமுறை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பழைய சட்டம் மின்சாரப் பொருள்களைச் சுற்றியே நின்றது. புதிய சட்டமோ உணவு, கால்நடைத் தீவனம், மருந்து போன்ற சிலவற்றை மட்டும் விலக்கிவிட்டு, ஏறக்குறைய எல்லாப் பொருள்களையும் தன் எல்லைக்குள் கொண்டு வருகிறது. நீடித்து உழைத்தல், பழுதுபார்க்க இடந்தருதல், மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருத்தல், தீங்கான இரசாயனம் குறைவாக இருத்தல் என்று ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனித்தனி விதி வகுக்க அது வழி செய்கிறது.

எதற்கு முதலில் விதி என்ற பட்டியல் 2025 ஏப்ரலில் வெளியானது. ஆடை, தளவாடப் பொருள், டயர், மெத்தை, இரும்பும் எஃகும், அலுமினியம் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. ஆடைக்கும் டயருக்கும் 2027, தளவாடப் பொருளுக்கு 2028 என்பவை அந்தத் திட்டத்தில் குறித்த உத்தேச ஆண்டுகள். விதி பிறந்த பிறகும் தயாரிப்பாளர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 18 மாத அவகாசம் உண்டு.

விற்காத ஆடையையும் காலணியையும் அழிக்கக் கூடாது என்ற தடையும் இச்சட்டத்தில் உள்ளது. விற்காத புதுத்துணியை யார் அழிப்பார் என்று வியக்கவேண்டாம். பர்பெரி என்னும் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஆடை நிறுவனம் ஒரே ஆண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு பெறுமானமுள்ள பொருள்களை அழித்ததாக அதன் ஆண்டறிக்கையிலிருந்தே 2018-இல் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. தள்ளுபடி விலையில் விற்றால் பெயரின் மதிப்புக் குறையும் என்பதே இத்தகைய நிறுவனங்களின் கணக்கு. அந்தக் கணக்கை ஐரோப்பியச் சட்டம் ஏற்கவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை 19 முதலும், நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 ஜூலை 19 முதலும் இந்தத் தடை என்று நாள் குறித்துள்ளது. சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு.

கடப்பிதழில் என்ன இருக்கும்?

விதி எழுதுவது எளிது. அது பின்பற்றப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டையைத் தொட்டுப் பார்த்து அதில் எத்தனை விழுக்காடு மறுசுழற்சி நூல் என்று சொல்ல முடியாது. டயரை முகர்ந்து பார்த்து அதன் ரப்பர் எந்த மண்ணில் விளைந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்காகவே மின்னிலக்கக் கடப்பிதழ்.

பொருளிலோ அதன் உறையிலோ அதனுடன் வரும் தாளிலோ ஒரு குறியீடு இருக்கும். கைத்தொலைபேசியால் படிக்கக்கூடிய கியூஆர் குறியீடு போன்றது அது. அதைப் படித்தால் அப்பொருளின் விவரம் இணையத்தில் திறக்கும். எதனால் செய்தது, எப்படிப் பழுதுபார்ப்பது, எப்படிப் பிரித்தெடுப்பது, கவலைக்குரிய இரசாயனம் உண்டா என்பன போன்ற விவரங்களை இதில் கேட்கலாம். எந்தப் பொருளுக்கு எந்த விவரம் கட்டாயம் என்பதை அந்தந்தப் பொருளின் விதி சொல்லும்.

எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. வாங்குபவருக்கு ஓர் அளவு, பழுதுபார்ப்பவருக்கு ஓர் அளவு, மறுசுழற்சி செய்பவருக்கு ஓர் அளவு, அமலாக்க அதிகாரிகளுக்கு ஓர் அளவு என்று படிகள் வகுக்கப்படும். தயாரிப்பாளரின் தொழில் இரசியத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வாங்கியவரின் சொந்த விவரங்களை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதில் பதியக் கூடாது. தயாரித்த நிறுவனம் நொடித்துப்போனாலும் விவரம் அழிந்துவிடாமல் இருக்க, ஒரு பிரதியை வேறொரு சேவை நிறுவனம் வைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு கடப்பிதழின் அடையாள எண்ணும் ஐரோப்பிய ஆணையத்தின் மையப் பதிவேட்டில் இருக்கும். துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை வரும். எண் இல்லாத சரக்கு வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

பேட்டரி முன்னே செல்கிறது

இந்த ஏற்பாட்டில் முதலில் நாள் குறிக்கப்பட்ட பொருள் பேட்டரி. இதற்கு 2023-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மின்சாரக் கார், மின்சார மிதிவண்டி, மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றின் பேட்டரிகளுக்கும், 2 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட தொழில்துறை பேட்டரிகளுக்கும் 2027 பிப்ரவரி 18 முதல் கடப்பிதழ் கட்டாயம் என்று அந்தச் சட்டம் கூறுகிறது.

ஏன் பேட்டரிக்கு இந்த முன்னுரிமை? பழைய மின்சாரக் காரிலிருந்து கழற்றிய பேட்டரி ஒன்று மறுசுழற்சிக் கூடத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது நிக்கலும் கோபால்ட்டுமா, இல்லை இரும்புப் பாஸ்பேட்டா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். பிரிக்கும் முறையோ வேறு, கிடைக்கும் வருமானமும் வேறு. தெரியாமல் திறந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இன்னும் எவ்வளவு சக்தி மிச்சம் என்று தெரிந்தால், அதை உடைக்காமல் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் வேலைக்குப் பயன்படுத்தலாம். விவரம் இருந்தால் அது வளம், விவரம் இல்லாவிட்டால் அது ஆபத்தான கழிவு.

உலகில் தோண்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் சிறுவர்கள் வேலை செய்வது பலமுறை வெளிச்சத்துக்கு வந்துள்ளது. பேட்டரியின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கிறது.

ஜெஞ்சாரோம் கண்ட பெயரில்லாக் குப்பை

பொருளின் பூர்வீகம் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை மலேசியர்கள் நேரில் கண்டிருக்கின்றனர். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டது. பணக்கார நாடுகளின் கழிவு உடனே தென்கிழக்காசியாவின் பக்கம் திரும்பியது. சிலாங்கூரின் கோல லங்காட் வட்டாரத்தில் உள்ள ஜெஞ்சாரோம் என்னும் சிற்றூரில் உரிமம் இல்லாத தொழிற்கூடங்கள் முளைத்தன. விலை போகும் பிளாஸ்டிக்கை உருக்கியபின், எஞ்சியதை எரித்தனர். அந்தப் புகையைச் சுவாசித்தது ஊர் மக்கள். அதிகாரிகள் பல கூடங்களை இழுத்து மூடினர். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

கடப்பிதழ் வந்துவிட்டால் மட்டும் இத்தகைய கொடுமை நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், அந்தக் குப்பைமேடு ஒரு பாடத்தைச் சொல்லியது. செய்தவர் பெயரும் சேர்மானமும் தெரியாத பொருளுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. பொறுப்பற்ற பொருள் கடைசியில் குரல் குறைந்தவர் வீட்டு வாசலில்தான் வந்து விழுகிறது.

பால்மரமும் மூவாரும் திருப்பூரும்

ஐரோப்பாவின் பட்டியலில் டயர் இருக்கிறது. டயர் என்றால் ரப்பர். ரப்பர் என்றால் இந்த மண்ணில் தமிழரின் வரலாறும் சேர்ந்தே வரும். விடியற்காலையில் பால்மரம் சீவிய தலைமுறைகளுக்குத் தாங்கள் எடுத்த பால் எந்த நாட்டு வண்டிக்குச் சக்கரமானது என்று தெரியாது. அந்த வண்டியில் போனவருக்கும் சீவியவர் யாரென்று தெரியாது. பெயரில்லாத பொருளில் உழைப்பாளிக்கும் பெயர் இருப்பதில்லை.

இன்று மலேசியாவின் ரப்பரில் மிகப் பெரும் பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. இவர்களை நேரடியாகத் தொடும் வேறொரு ஐரோப்பியச் சட்டமும் உண்டு. காடழிப்பைத் தடுக்க 2023-இல் வந்த அந்தச் சட்டம் ரப்பர், செம்பனை எண்ணெய், மரம் முதலியவற்றுக்குப் பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்பதை, நிலத்தின் அமைவிடக் குறியீட்டோடு காட்டவேண்டும் என்கிறது அது. அதன் அமலாக்கம் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தால் கிடைப்பது அவகாசமே தவிர விடுதலையல்ல.

ஜொகூரின் மூவார் நகரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பெரிய தொழிற்சாலைகள் மரம், பசை, சாயம் ஆகியவற்றின் விவரத்தைத் திரட்டக் கணினித் துறையையே அமர்த்திக்கொள்ளலாம். அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்ன செய்யும்? விவரம் தர முடியாத பட்டறையைப் பெரிய தொழிற்சாலை மெல்லக் கைவிட்டுவிடும். கள்ளத்தனம் ஏதும் செய்யாமலேயே, கணக்கு வைக்கத் தெரியாத ஒரே காரணத்தால் தொழில் கைநழுவும்.

தமிழகத்தின் திருப்பூர் இதனை முன்பே ஒருமுறை அனுபவித்த ஊர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போகிறது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைப் பாழ்படுத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழில் ஸ்தம்பித்தது. பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. செலவு ஏறியது, தாக்குப்பிடிக்க முடியாத சிறு பட்டறைகள் திணறின. அன்று பட்ட செலவு இன்று அவ்வூருக்கு ஓர் ஆதாரமாக அமையலாம். ஆடைக்கான கடப்பிதழ் தண்ணீரைப் பற்றிக் கேட்குமானால், பதில் சொல்ல அவர்களிடம் கணக்கு இருக்கும்.

எழும் ஐயங்கள்

கடப்பிதழில் பொய் எழுத முடியாதா? முடியும். பதிவேடு உண்மையைத் தானாகப் படைத்துவிடாது. ஆனால், வாயால் சொன்ன பொய்யைப் பிடிப்பதைவிட எழுதி ஒப்பமிட்ட பொய்யைப் பிடிப்பது எளிது. சோதனைக்கூடத்தில் ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தால், எழுதியதும் இருப்பதும் ஒன்றா என்று தெரிந்துவிடும். அதற்குப் போதிய அதிகாரிகளும் சோதனையும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் கடப்பிதழ் வெறும் அலங்காரமே.

இது ஏழை நாடுகளைத் தடுக்கும் மறைமுக வேலியா? இந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விதியை எழுதுபவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் இன்னொருவர் என்ற நிலை நேர்மையானதல்ல. இதற்கு மலேசியாவிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. செம்பனைத் தொழிலுக்கு மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமானது. அப்போது சிறுதோட்டக்காரர்களின் சான்றிதழ்ச் செலவுக்கு அரசாங்கம் கைகொடுத்தது. ரப்பருக்கும் தளவாடத்துக்கும் அத்தகைய உதவி வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை.

நீடித்து உழைக்கும் பொருளின் விலை கூடாதா? சிலவற்றுக்குக் கூடலாம். ஆனால், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்கும் குடும்பமும் மொத்தத்தில் அதிகமாகவே செலவழிக்கிறது. மலிவான பொருளை அடிக்கடி வாங்க நேர்வது பெரும்பாலும் ஏழைதான்.

பயனீட்டாளர் செய்யவேண்டியது

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பலரும் அறியாத ஒரு பிரிவு உண்டு. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பவரும் தக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று 37-ஆம் பிரிவு கூறுகிறது. அப்படி ஏற்பாடு இல்லை என்று விற்கும்போதே முன்கூட்டித் தெரிவித்திருந்தால் மட்டும் அது பொருந்தாது. இங்கே சட்டம் சொல்வது நியாயமான காலம், ஐரோப்பாவில் சட்டம் சொல்வது 10 ஆண்டு. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எண்ணில் எழுதிய உரிமையைக் கேட்டு வாங்கலாம். சொல்லில் மட்டும் இருக்கும் உரிமைக்கு வாதாடவேண்டும்.

வாதாடுவதற்கும் இடம் இருக்கிறது. பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே 5 ரிங்கிட் கட்டணத்தில் தாக்கல் செய்யலாம். ஆனால் அங்கும் கேட்கப்படும் முதல் கேள்வி, இரசீது எங்கே என்பதுதான். வாங்கிய இரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துவது, பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று வாங்கும் முன்பே கேட்டு இரசீதில் எழுதி வாங்குவது, பேட்டரியைத் தனியே மாற்ற முடியுமா என்று விசாரிப்பது ஆகிய மூன்றுக்கும் எந்த ஐரோப்பியச் சட்டமும் தேவையில்லை.

தொழில் செய்பவர்களுக்கு இன்னும் ஒரு படி அதிகம். மரம் எங்கே வாங்கியது, சாயம் எந்த நிறுவனத்தினுடையது, எந்த நாளில் எவ்வளவு வந்தது என்பதை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கலாம். கடப்பிதழ் கேட்கும் நாளில் அந்த நோட்டுப் புத்தகம் கணினிக்கு மாறினால் போதும். எழுதவே பழகாதவருக்கு எந்தக் கணினியும் உதவாது.

நாணயமாகத் தொழில் செய்கிறோம், அது போதாதா என்று கேட்கும் நல்லவர்கள் நம்மிடையே ஏராளம். நாணயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வரப்போகும் சந்தை அந்த நாணயத்துக்குக் கணக்குக் கேட்கும். கணக்கை எழுதி வைத்திருப்பவர் நிமிர்ந்து நின்று காட்டலாம்.